கார்டு பின் நம்பர்: தேர்ந்தெடுப்பது, மறக்காமல் வைப்பது, காப்பாற்றுவது

என் அப்பா ஓய்வு பெற்ற மூன்றாம் வருடம் அது. பென்ஷன் எடுக்க எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தை ஒட்டிய ஏடிஎம்முக்குப் போனவர், மூக்குக் கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டார். திரையில் எழுத்து மங்கலாகத் தெரிய, இரண்டு தடவை தவறாக அழுத்தினார். பின்னால் நின்ற பையன், "தள்ளுங்க ஐயா, நான் எடுத்துத் தர்றேன்" என்று கார்டை வாங்கிக்கொண்டான். "பின் நம்பர் சொல்லுங்க" என்றான். அப்பா சொன்னார். பணம் வந்தது. அவனே எண்ணிக் கொடுத்தான், கார்டையும் உறையில் செருகித் திருப்பிக் கொடுத்தான். "நல்லா இருப்பா" என்று வாழ்த்திவிட்டு அப்பா வீட்டுக்கு வந்தார்.

மூன்றாம் நாள் அவருடைய செல்போனை எதற்கோ எடுத்துப் பார்த்தேன். படிக்காத எஸ்எம்எஸ்கள் வரிசையாக நின்றன. நான்கு தடவையில் 38,000 ரூபாய் போயிருந்தது. உறையைத் திறந்து கார்டை வெளியே எடுத்தேன். அதே வங்கி, அதே நிறம். மேலே யாரோ ஒரு பெண்ணின் பெயர் இருந்தது. அந்தப் பெண்ணும் எங்கோ ஓர் ஊரில், வேறொருவரின் கார்டைத் தன்னுடையது என்று நினைத்து வைத்திருந்திருப்பார்.

வங்கிக் கிளையில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்கள்: "பின் நம்பரை யாரிடமாவது சொன்னீர்களா?" அப்பா பொய் சொல்லத் தெரியாதவர். அதோடு முடிந்தது.

அன்றிலிருந்து சொந்தக்காரர்கள், அக்கம்பக்கத்தார் என்று யார் புதுக் கார்டு வாங்கினாலும் உட்கார்ந்து இதைச் சொல்லிக் கொடுக்கிறேன். மெஷினை ஏமாற்றிப் பின் நம்பரை எடுப்பவர்கள் உண்டு. ஆனால் நான் பார்த்தவரை நம் வாயிலிருந்தும் பர்ஸிலிருந்தும் போவதே அதிகம். அதனால் பழக்கத்தை மாற்றினாலே பெரும்பகுதி அடைபட்டுவிடும்.

முதலில், இந்த எண் எப்படி வேலை செய்கிறது

நான்கு இலக்கம் என்றால் 0000 முதல் 9999 வரை 10,000 எண்கள். ஏன் நான்கு என்பதற்கு ஒரு கதை உண்டு. 1967 ஜூன் 27-ல் லண்டனை அடுத்த என்ஃபீல்டில் பார்க்லேஸ் வங்கி பணம் தரும் மெஷினைத் திறந்தது. அதை உருவாக்கிய ஜான் ஷெப்பர்ட் பேரன் நம் ஷில்லாங்கில் பிறந்தவர். தன் ராணுவ எண்ணைப் போல ஆறு இலக்கம் வைக்கலாம் என்று நினைத்தாராம். சமையலறை மேஜையில் மனைவியிடம் கேட்டபோது, "நான்குக்கு மேல் எனக்கு நினைவில் நிற்காது" என்று அவர் சொல்ல, நான்கானது. அதற்கு முந்தைய வருடமே ஸ்காட்லாந்துக்காரர் ஜேம்ஸ் குட்ஃபெல்லோ, கார்டும் ரகசிய எண்ணும் சேர்ந்த முறைக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்திருந்தார். ஒரு குடும்பத் தலைவியின் ஞாபக சக்தியை அளவாக வைத்து உலகமே நடக்கிறது என்பது எனக்குப் பிடித்த விஷயம். பின் நம்பர் என்பது மனிதர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியது என்பதை அந்த அம்மாள் முதல் நாளே சொல்லிவிட்டார்.

இன்னொன்று தெரிந்துகொள்ள வேண்டும். நீங்கள் அழுத்தும் எண் அந்த விசைப்பலகைக்குள்ளேயே ரகசியக் குறியீடாக மாறித்தான் வெளியே போகிறது. வங்கியின் பாதுகாப்புக் கருவி அதைச் சரிபார்த்து 'சரி' அல்லது 'தவறு' என்று மட்டும் பதில் தரும். கிளை மேலாளரால்கூட உங்கள் பின்னைப் பார்க்க முடியாது, அவருக்கு அது தேவையும் இல்லை. ஆகவே "வங்கியிலிருந்து பேசுகிறோம், பின் சொல்லுங்கள்" என்று வரும் போன் எதுவும் வங்கியிலிருந்து வந்ததில்லை. அத்தனையும் பொய்.

படி 1: எந்த எண் வேண்டாம்

நம் ஊர் வங்கிகள் பொதுவாக மூன்று தடவை தவறாக அழுத்தினால் அன்றைக்குக் கார்டை முடக்கிவிடும். அப்படியென்றால் கார்டைக் கண்டெடுத்தவனுக்கு மூன்றே வாய்ப்பு. 10,000-ல் 3 என்பது ஒன்றுமே இல்லை. ஆனால் நாம் அந்த 10,000-ஐயும் சமமாகப் பயன்படுத்துவதில்லை.

2012-ல் நிக் பெர்ரி என்ற புள்ளியியல் ஆர்வலர், இணையத்தில் கசிந்த கடவுச்சொற்களில் இருந்த சுமார் 34 லட்சம் நான்கு இலக்க எண்களை எடுத்து எண்ணிப் பார்த்தார். அவை வங்கிப் பின்கள் அல்ல, ஆனாலும் மனிதர் புத்தி ஒன்றுதானே. 1234 மட்டுமே கிட்டத்தட்ட 11 சதவீதம். 1111 சுமார் 6 சதவீதம். அதிகம் பயன்பட்ட 20 எண்களைச் சேர்த்தால் மொத்தத்தில் கால்வாசிக்கும் மேல். விசைப்பலகையின் நடுவில் மேலிருந்து கீழாக இறங்கும் 2580-யும் முன்வரிசையில் இருந்தது.

அதே வருடம் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் வேறு ஒரு கணக்கைப் போட்டார்கள். பர்ஸைத் திருடியவன் அதிலுள்ள அடையாள அட்டையில் பிறந்த தேதியைப் பார்த்து முயன்றால் எத்தனை பர்ஸுக்கு ஒன்று திறக்கும்? வங்கிகள் எளிதான எண்களைத் தடுக்காவிட்டால் 11-க்கு ஒன்று, தடுத்தால் 18-க்கு ஒன்று. இப்போது உங்கள் பர்ஸைத் திறந்து பாருங்கள். ஓட்டுநர் உரிமத்தில் பிறந்த தேதி, பான் கார்டில் பிறந்த தேதி, ஆதார் நகலிலும் அதே. எல்லாம் கார்டுக்குப் பக்கத்து அறையிலேயே இருக்கும்.

நம் ஊருக்கென்று சில வழக்கங்கள் இருக்கின்றன. வண்டி எண்ணை வைப்பது அதில் முதலாவது. நான்கு இலக்கம், எப்போதும் ஞாபகத்தில் இருக்கும், சரி. ஆனால் அந்த வண்டியை ஏடிஎம் வாசலிலேயே நிறுத்திவிட்டு உள்ளே போகிறோம். அப்புறம் செல்போனின் கடைசி நான்கு எண், ஆதாரின் கடைசி நான்கு, பிறந்த வருடம், கல்யாண நாள், பிள்ளையின் பிறந்த தேதி. 1008, 0108, 0786, 1001, 1947 போன்ற நம் மனதுக்குப் பிடித்த எண்கள். நம்பர் பிளேட்டில் பாஸ் என்று படிக்கும்படி எழுதுகிறார்களே, அந்த 8055. கூட்டினால் ராசியான எண் வரவேண்டும் என்று தேடுவதும் உண்டு. ராசியை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் ராசி எண் எது என்று தெருவுக்கே தெரியும், அதனால் பின்னுக்கு அது வேண்டாம்.

கணவன், மனைவி, பிள்ளைகள் பிறந்த தேதி எல்லாம் முகநூலில் வாழ்த்துகளோடு கிடைக்கிறது. அதனால் "என்னுடையதை வைக்கவில்லை, மகளுடையதைத்தான் வைத்தேன்" என்பதும் பாதுகாப்பு ஆகாது.

படி 2: சீட்டுக் குலுக்கி எடுங்கள்

"மனதில் தோன்றும் ஒரு எண்ணைச் சொல்லு" என்று கேட்டால் நம் மனம் பழக்கப்பட்ட தடத்தில்தான் ஓடும். அதனால் தேர்வை மனதிடம் விடாதீர்கள். திருவுளச்சீட்டு எடுப்பது போல எடுங்கள்.

ஒரே அளவில் பத்துத் துண்டுத் தாள், அவற்றில் 0 முதல் 9 வரை. ஒரே மாதிரி மடித்து ஒரு டம்ளரில் போட்டுக் குலுக்குங்கள். ஒன்றை எடுங்கள், எண்ணைப் பாருங்கள். எடுத்த சீட்டைத் திரும்ப உள்ளே போட்டு மறுபடி குலுக்க வேண்டும். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். திரும்பப் போடாவிட்டால் ஒரே இலக்கம் இரண்டு தடவை வரவே வராது, எண்களின் எண்ணிக்கை பாதியாகக் குறைந்துவிடும். இப்படி நான்கு தடவை. வந்த எண் பிறந்த வருடம் போலவோ, 4444 போலவோ, வரிசையாகவோ இருந்தால் விட்டுவிட்டு மறுபடி எடுங்கள். மற்றபடி "எனக்குப் பிடிக்கவில்லை" என்று மாற்றிக்கொண்டே போகாதீர்கள். அப்படிப் போனால் கடைசியில் பழைய தடத்துக்கே வந்து நிற்பீர்கள்.

பாட்டுக் கற்றவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. மேளகர்த்தா ராகங்கள் 72, ஒவ்வொன்றுக்கும் வரிசை எண் உண்டு. மாயாமாளவகௌளை 15, தீரசங்கராபரணம் 29, ஷண்முகப்பிரியா 56, மேசகல்யாணி 65. இரண்டு ராகத்தைப் பக்கத்தில் வைத்தால் நான்கு இலக்கம் கிடைக்கும். 72-ஐ 72-ஆல் பெருக்கினால் 5,184 எண்கள், மோசமில்லை. ராகங்களையும் சீட்டில் குலுக்கியே எடுங்கள். இங்கே எழுதியவற்றை எடுக்க வேண்டாம்.

குறள் எண்ணை வைக்கலாமா என்று ஒரு ஆசிரியர் என்னிடம் கேட்டார். மொத்தம் 1,330 தான், அதிலும் நாம் தேர்ந்தெடுப்பது 0391 போல எல்லோருக்கும் தெரிந்ததாகத்தான் இருக்கும். நான் வேண்டாம் என்றே சொன்னேன்.

ஆறு இலக்கப் பின் வைக்க உங்கள் வங்கி அனுமதித்தால் வைக்கலாம். ஆனால் 123456 என்ற ஆறு, சீட்டில் எடுத்த நான்கை விட மோசமானது.

படி 3: மனதில் நிறுத்துவது

குலுக்கி எடுத்த எண் முதல் வாரம் அந்நியமாகத்தான் இருக்கும். அப்போதுதான் பலர் பயந்து பழைய எண்ணுக்கே திரும்புகிறார்கள். தமிழில் எண்களுக்கு ஏற்கெனவே ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களைக் கூப்பிட்டால் போதும். 0 முட்டை. 1 நிலா. 2 கண். 3 முக்கனி. 4 என்றால் 'நாலு பேர்'. 5 கைவிரல். 6 ஆறுமுகம். 7 ஏழுமலை. 8 எட்டுக்கால் பூச்சி. 9 நவதானியம் அல்லது நவகிரகம்.

உதாரணத்துக்கு 7049 வந்தது என்று வையுங்கள். ஏழுமலையானைக் கும்பிட்டுவிட்டு வந்தவன் முட்டை சாப்பிட்டான், நாலு பேர் பார்த்துவிட்டார்கள், நவகிரகத்தைச் சுற்றச் சொன்னார்கள். ஒரு தடவை இந்தக் காட்சியை மனதில் ஓட்டினால் போதும், மறக்க முயன்றாலும் மறக்காது. கதை எவ்வளவு கோணலாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. கதையை யாருக்கும் சொல்லாதீர்கள், அதுவும் பின் நம்பர்தான். என் சித்தி தன் கதையை ரொம்ப ரசித்து வீடு முழுக்கச் சொல்லிவிட்டு, மறுநாள் எண்ணை மாற்ற வேண்டியதாயிற்று.

விரல் நினைவும் உதவும், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். பல வருடம் ஒரே எண்ணை அழுத்திப் பழகியவர்களிடம் "எண் என்ன" என்று மனதுக்குள் சொல்லிப் பார்க்கச் சொன்னால் திணறுவார்கள். விரல் போகும் வழி மட்டுமே தெரியும். ஏடிஎம்மில் 1, 2, 3 மேலே இருக்கும். கால்குலேட்டரிலும் கணினி விசைப்பலகையிலும் 7, 8, 9 மேலே. சில தொடுதிரைக் கார்டு மெஷின்களில் எண்கள் இடம் மாறியும் வரும். அப்போது விரல் ஏமாற்றும், கதை காப்பாற்றும்.

புது எண் வைத்த அன்றே ஒரு தடவை பயன்படுத்துங்கள். இரண்டு நாள் கழித்து ஒரு தடவை, அடுத்த வாரம் ஒரு தடவை. பணம் எடுக்க வேண்டாம், பேலன்ஸ் பார்த்தால் போதும். சொந்த வங்கியின் ஏடிஎம்மில் மாதம் 5 தடவை இலவசம், பேலன்ஸ் பார்ப்பதும் அந்தக் கணக்கில் சேரலாம் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். மூன்று தடவை சரியாக வந்துவிட்டால் அது உங்கள் எண்.

படி 4: எழுதி வைப்பதைப் பற்றி

"எங்கும் எழுதாதே" என்றுதான் எல்லா வங்கியும் சொல்கிறது, அது சரியான விதி. ஆனால் உண்மையில் நடப்பதைப் பார்த்திருக்கிறேன். கார்டு உறையின் உள்பக்கம், கார்டின் பின்னால் கையெழுத்துப் பட்டையில், பாஸ்புக்கின் கடைசிப் பக்கம், செல்போனில் 'ஏடிஎம் மாமா' என்ற பெயரில் ஒரு நம்பர். திருடனுக்கு இந்த நான்கு இடமும் தெரியும். செல்போனில் 'ஏடிஎம்' என்று தட்டினால் அந்த மாமா உடனே வந்து நிற்பார்.

எழுதாமல் முடியவே முடியாது என்றால், கார்டு இருக்கும் இடத்தில் எண் இருக்கக்கூடாது. கார்டு பையில், தாள் வீட்டுப் பீரோவில். அந்தத் தாளிலும் எண்ணை அப்படியே எழுத வேண்டாம். உங்களுக்கு மட்டும் தெரிந்த பழைய நான்கு இலக்க எண் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இப்போது இல்லாத பழைய வீட்டுக் கரண்ட் கணக்கு எண்ணின் கடைசி நான்கு என்று வைத்துக்கொள்வோம், 3719. பின் 5082. ஒவ்வொரு இலக்கமாகக் கூட்டுங்கள், பத்தோ அதற்கு மேலோ வந்தால் கடைசி இலக்கத்தை மட்டும் வையுங்கள், முன்னால் உள்ள 1-ஐ விட்டுவிடுங்கள். 5-ம் 3-ம் 8, 0-ம் 7-ம் 7, 8-ம் 1-ம் 9, 2-ம் 9-ம் 11 ஆகவே 1. தாளில் 8791 என்று எழுதுங்கள். தேவைப்படும்போது அதே வரிசையில் கழித்தால் எண் திரும்ப வரும்; 1-லிருந்து 9 போலக் கழிக்க முடியாத இடத்தில் பத்தைச் சேர்த்துக்கொண்டு கழியுங்கள். தாள் மட்டும் கிடைத்தவனுக்கு அதனால் பயனே இல்லை. இதைவிட எளிய பூட்டு எனக்குத் தெரியாது.

படி 5: ஏடிஎம் அறைக்குள்

உள்ளே நுழைந்ததும் கார்டு செருகும் வாயைப் பிடித்து லேசாக ஆட்டிப் பாருங்கள். ஆடினால், அல்லது மேலே ஒட்டியது போலத் தனியாகத் தெரிந்தால், வேறு மெஷினுக்குப் போங்கள். விசைப்பலகை வழக்கத்தை விடத் தடித்து நின்றாலும் அப்படியே. கார்டின் பின்னால் உள்ள கறுப்புப் பட்டையை நகலெடுக்கும் கருவி வாயிலும், எண்ணைப் பார்க்கும் சின்ன கேமரா மேலேயும் இருக்கும். சிப் கார்டு வந்த பிறகு நகலெடுப்பது கடினமாகிவிட்டது, ஆனால் கறுப்புப் பட்டை இன்னும் கார்டில் இருக்கிறதே.

கேமரா மேலே இருப்பதால்தான், எண் அழுத்தும்போது இடது கையால் மேலிருந்து மூட வேண்டும். பக்கவாட்டில் மறைத்தால் போதாது. உள்ளங்கையைக் கூரை போல, விரல்களைத் தொடும் அளவுக்குத் தாழ்த்தி வையுங்கள். 5-ன் மேல் ஒரு சின்ன மேடு இருக்கும், பார்வை இல்லாதவர்களுக்காக வைத்தது. அதில் நடுவிரலை வைத்துக்கொண்டால் கீழே பார்க்காமலே அழுத்தப் பழகலாம். இரண்டு வாரத்தில் வந்துவிடும்.

வேலை முடிந்ததும் "மேலும் ஏதாவது செய்ய வேண்டுமா?" என்று திரை கேட்கும். இல்லை என்று அழுத்தி, முதல் பக்கம் திரும்ப வரும்வரை நின்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். கார்டைக் கையில் வாங்கியதும் பெயரைப் படியுங்கள். என் அப்பா அன்று பெயரைப் படித்திருந்தால், பையன் வாசல் தாண்டுவதற்குள் கூச்சல் போட்டிருக்கலாம்.

உதவி தேவைப்பட்டால் யாரைக் கேட்பது? வங்கி வேலை நேரத்தில், கிளையை ஒட்டிய ஏடிஎம்முக்குப் போய் ஊழியரைக் கேளுங்கள். அவரிடமும் எண்ணைச் சொல்ல வேண்டியதில்லை, திரையைப் படித்துக் காட்டச் சொல்லலாம், எண்ணை நீங்களே அழுத்தலாம். வரிசையில் நிற்கும் யாராவது "நான் பண்ணித் தர்றேன்" என்றால், "வேண்டாம்பா, நானே பாத்துக்கிறேன்" என்று சொல்வதில் எந்த அவமரியாதையும் இல்லை. மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் வரத் தொடங்கிய பிறகு, வாழ்க்கையில் முதல் தடவையாக ஏடிஎம்முக்கு வரும் பெண்களை மாதத்தின் நடுவில் நிறையப் பார்க்கிறேன். கார்டைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றிப் பார்க்கும் அந்தக் கண்களைத்தான் ஏமாற்றுக்காரனும் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

வாட்ஸ்அப்பில் வரும் இரண்டு செய்திகளை நம்ப வேண்டாம். பின்னைத் தலைகீழாக அழுத்தினால் போலீஸுக்குத் தகவல் போகும் என்பது பொய். அமெரிக்காவில் ஒருவர் அப்படி ஒரு யோசனைக்குக் காப்புரிமை வாங்கினார், வங்கிகள் அதை நடைமுறைக்குக் கொண்டுவரவில்லை. 1221 வைத்திருப்பவர் என்ன செய்வார் என்று யோசித்தாலே புரிந்துவிடும். கேன்சலை இரண்டு தடவை அழுத்திவிட்டுத் தொடங்கினால் பின் திருட்டுப் போகாது என்பதும் பொய்.

படி 6: பெட்ரோல் பங்க், ஓட்டல், ஜவுளிக்கடை

"சார், பின் நம்பர் சொல்லுங்க." இந்தக் குரலை நம் ஊரில் கேட்காதவர் இல்லை. பங்க்கில் வண்டியிலிருந்து இறங்காமலே கார்டை நீட்டுவோம், எண்ணையும் சத்தமாகச் சொல்வோம். பின்னால் நான்கு வண்டி நிற்கும். கேட்கும் பையனிடம் கெட்ட எண்ணம் இருக்காது, வேலை சீக்கிரம் முடிய வேண்டும் என்பதுதான். "மெஷினைக் கொண்டுவா தம்பி, நான் போடுறேன்" என்றால் அவனும் கொண்டுவந்துவிடுவான். ஓட்டலில் கார்டை எடுத்துக்கொண்டு கல்லாவுக்குப் போக விடாதீர்கள். கூடவே எழுந்து போங்கள். கார்டு கண்ணை விட்டு மறையக்கூடாது.

5,000 ரூபாய் வரை பின் இல்லாமல் தட்டினாலே பணம் போகும் வசதி 2021 முதல் இருக்கிறது. அது தேவையில்லை என்றால் வங்கிச் செயலியில் நிறுத்திவிடலாம். அதே இடத்தில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை, ஆன்லைன் பரிவர்த்தனை ஒவ்வொன்றையும் தனித்தனியாக நிறுத்தவும் திறக்கவும் முடியும். ஒரு நாளைக்கு எடுக்கும் தொகைக்கு வரம்பும் வைக்கலாம். நான் 5,000-ல் வைத்திருக்கிறேன், பெரிய தேவை வந்தால் அன்று மட்டும் உயர்த்துவேன். ஸ்டேட் வங்கி ஏடிஎம்மில் அதன் கார்டுக்கு 10,000 ரூபாயும் அதற்கு மேலும் எடுக்க 2020 முதல் ஓடிபி கேட்கிறது. அது வயதானவர்களுக்கு நல்ல வேலி.

படி 7: வீட்டுக்குள்

இது எல்லோருக்கும் சங்கடமான பகுதி. "புருஷன் பொண்டாட்டிக்குள்ள என்ன ரகசியம்?" என்று கேட்பார்கள். நான் ரகசியத்துக்காகச் சொல்லவில்லை. பெங்களூருவில் 2013-ல் பிரசவ விடுப்பில் இருந்த ஒரு பெண், கார்டையும் பின்னையும் கணவரிடம் கொடுத்து 25,000 ரூபாய் எடுத்துவரச் சொன்னார். மெஷினிலிருந்து பணம் வரவில்லை, கணக்கில் மட்டும் கழிந்துவிட்டது. வழக்கு பல வருடம் நடந்தது. கார்டை இன்னொருவருக்குத் தரக்கூடாது, வர முடியாவிட்டால் செல்ஃப் செக்கோ அதிகாரக் கடிதமோ கொடுத்திருக்க வேண்டும் என்று சொல்லி 2018-ல் நுகர்வோர் மன்றம் அந்தப் பெண்ணுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. படிக்கும்போது எனக்கு வயிறு எரிந்தது. பச்சைக் குழந்தையோடு இருப்பவர் வேறு என்ன செய்வார்? ஆனால் விதி அப்படித்தான் நிற்கிறது.

அதனால் வழியை மாற்றுங்கள். கணக்கைக் கூட்டுக் கணக்காக்கினால் இருவருக்கும் தனித்தனிக் கார்டு, தனித்தனிப் பின். கிரெடிட் கார்டுக்குக் கூடுதல் கார்டு வாங்கலாம். வயதான அம்மாவுக்காக நீங்கள்தான் பணம் எடுக்கிறீர்கள் என்றால், அந்தக் கணக்கில் உங்கள் பெயரையும் சேர்த்து உங்கள் கார்டில் எடுங்கள்.

பல கார்டு இருந்தால் எல்லாவற்றுக்கும் ஒரே எண் வேண்டாம். பயன்படுத்தாத கணக்கை மூடிவிட்டு இரண்டு கார்டோடு நிறுத்துவதுதான் நல்ல தீர்வு. யுபிஐ பின்னும் கார்டு பின்னும் வேறாக இருக்கட்டும், செல்போன் பூட்டு எண் அவை இரண்டிலிருந்தும் வேறாக இருக்கட்டும். டீக்கடையில் நின்று ஒரு நாளைக்கு இருபது தடவை செல்போனைத் திறக்கிறோம், அந்த எண்ணை யார் வேண்டுமானாலும் பார்த்திருக்கலாம். யுபிஐயில் பணம் வாங்குவதற்குப் பின் தேவையே இல்லை. "பணம் அனுப்பறேன், பின் போட்டு வாங்கிக்கோங்க" என்றால் போனை வைத்துவிடுங்கள்.

படி 8: எண் வெளியே போய்விட்டால்

யாராவது பார்த்துவிட்டார்கள் என்ற சந்தேகம் மட்டும் என்றால், அன்றே மாற்றுங்கள். ஏடிஎம்மில் 'பின் மாற்றம்' என்ற பகுதியில் ஒரு நிமிட வேலை. மறந்துபோய்விட்டால் நான்காவது தடவை முயலாதீர்கள். பின் நம்பர் அச்சாகித் தபாலில் வரும் பழைய கார்பன் உறைக்காகக் காத்திருக்கும் காலம் போய்விட்டது. பதிவு செய்த செல்போனுக்கு ஓடிபி வரும், அதை வைத்து மெஷினிலோ வங்கிச் செயலியிலோ புது எண் வைக்கலாம். ஆனால் பலர் சிம்மை மாற்றிவிட்டு வங்கியில் சொல்லாமல் இருக்கிறார்கள். அந்தப் பழைய நம்பர் இன்று வேறொருவர் கையில் இருக்கலாம், உங்கள் ஓடிபி அவருக்குப் போகும். நாளைக்கே கிளைக்குப் போய் நம்பரைச் சரிபாருங்கள்.

கார்டு தொலைந்தாலோ, பணம் போய்விட்டாலோ, இந்த வரிசையில் செய்யுங்கள். முதலில் செயலியிலோ வங்கியின் உதவி எண்ணிலோ கார்டை முடக்குங்கள். புகார் எண்ணை வாங்கி, நேரத்தோடு எழுதிவையுங்கள். அடுத்து 1930-க்கு அழையுங்கள், அது நாடு முழுவதற்குமான இணையக் குற்ற உதவி எண். பிறகு கிளையில் எழுத்துமூலம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள்.

நேரம் ஏன் முக்கியம் என்றால், ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கை நாட்களைக் கணக்கிட்டே பொறுப்பைப் பிரிக்கிறது. தவறு உங்களுடையதும் இல்லை, வங்கியுடையதும் இல்லை, இடையில் எங்கோ நடந்தது என்றால், தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால் உங்களுக்கு இழப்பு இல்லை. நான்கு முதல் ஏழு வேலை நாளுக்குள் என்றால், சாதாரண சேமிப்புக் கணக்குக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய் வரை நீங்கள் ஏற்க வேண்டும். குறைந்தபட்ச இருப்பு வைக்கத் தேவையில்லாத அடிப்படைச் சேமிப்புக் கணக்குக்கு அது 5,000. ஆனால் பின்னை நீங்களே யாரிடமாவது சொல்லியிருந்தால், வங்கியிடம் தெரிவிக்கும் நிமிடம் வரை போன பணம் முழுக்க உங்கள் தலையில். தெரிவித்த பிறகு போவது வங்கியின் பொறுப்பு. என் அப்பாவின் மூன்று நாளில், முதல் நாளே எஸ்எம்எஸ்ஸைப் பார்த்திருந்தால் பின்னால் போன மூன்று தொகையாவது மிஞ்சியிருக்கும்.

வங்கி 30 நாளில் பதில் தராவிட்டாலும், தந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலும், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை. 14448 என்ற எண்ணில் வழி கேட்கலாம்.

பெரியவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கும்போது

ஒரு தடவை சொன்னால் போதாது, திட்டினால் நிச்சயம் போதாது. புதுக் கார்டு வந்த முதல் மாதம் கூடவே போங்கள், ஆனால் மெஷினுக்கு முன்னால் அவர்களை நிற்கவிட்டு நீங்கள் கதவுப் பக்கம் திரும்பி நில்லுங்கள். "நான் பாக்கல, நீங்களே போடுங்க" என்று சொல்லுங்கள். பெற்ற பிள்ளையே திரும்பி நிற்கிறான் என்றால், வேறு யாருக்கும் அந்த எண் கிடையாது என்பது பேசாமலே மனதில் ஏறிவிடும். மொழியைத் தமிழுக்கு மாற்றும் இடத்தைக் காட்டிக் கொடுங்கள். கார்டு உறைக்குள் எண்ணுக்குப் பதிலாக ஒரு சின்னத் தாளை வையுங்கள்: உங்கள் செல்போன் நம்பர், வங்கியின் உதவி எண், 1930, பெரிய எழுத்தில்.

ஏமாந்தவர்களைக் குத்திக் காட்டாதீர்கள். 38,000 போனதை விட, "இவ்வளவு படிச்சும் இப்படிச் செஞ்சீங்களே" என்று நான் அன்று சொன்னதுதான் அப்பாவை நாலைந்து மாதம் பேசவிடாமல் செய்தது. வெட்கப்பட்டு மறைப்பவர்கள் மூன்று வேலை நாளைத் தாண்டிவிடுவார்கள். தவறு நடந்தால் முதலில் உங்களிடம் ஓடிவரும் அளவுக்கு அவர்களுக்குத் தைரியம் கொடுத்து வையுங்கள். அப்பா இப்போது மேல் சட்டைப்பையில் ஒரு பழைய மூக்குக் கண்ணாடியை ஏடிஎம்முக்கென்றே வைத்திருக்கிறார். கார்டை வெளியே எடுத்ததும், வாய்விட்டுத் தன் பெயரைப் படிக்கிறார்.